ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஐபாட் சார்ஜர்: வீட்டிலேயே கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா மாதத்துக்கு இரண்டு தடவையாவது சனிக்கிழமை ராத்திரி கோல சிலாங்கூருக்குத் தூண்டில் போடப் போவார். செந்தூல் வீட்டிலிருந்து சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் காலையில் செம்பிலாங் மீனோடு, இல்லாவிட்டால் வெறும் கையோடு திரும்புவார். கூடவே ஒரு ஃபிளாஸ்க் காப்பி, தலையில் மாட்டும் விளக்கு, அப்புறம் 2009-ல் வாங்கிய 160 ஜிகாபைட் ஐபாட் கிளாசிக். போனிலேயே பாட்டு கேட்கலாமே என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இரை கோத்த கையால் திரையைத் தேய்க்க முடியாது, ஐபாட் என்றால் சட்டைப்பைக்கு மேலேயே தடவி, சக்கரத்தின் வலது ஓரத்தை ஓர் அழுத்து அழுத்தினால் அடுத்த பாட்டு வந்துவிடும் என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த ஐபாட்டின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. உள்ளே பேட்டரியை மாற்றலாம், கிளாசிக்கின் உலோக முதுகைப் பிரிப்பது லேசான வேலை இல்லை, உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் கிழிந்தால் அதோடு முடிந்தது. கிளாசிக்கை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள், புதிதாக இன்னொன்று வாங்கவும் வழியில்லை. அதனால் ராத்திரி நடுவில், கரண்ட் இல்லாத ஆற்றங்கரையில், அதைச் சார்ஜ் செய்ய ஒரு பெட்டி கட்டினேன். அதை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இங்கே ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

பவர் பேங்க் வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் கொடுத்தேன். பல பவர் பேங்குகள், தங்களிடமிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் ரொம்பக் குறைந்துபோனால், எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்துத் தாங்களாகவே அணைந்துவிடும். போனுக்கு இது பிரச்சினை இல்லை. சின்ன மியூசிக் பிளேயர்களுக்கு, அதுவும் சார்ஜ் முக்கால்வாசி ஏறிய பிறகு, இது பெரிய தொல்லை. இன்னொன்று, பவர் பேங்க் தீர்ந்துவிட்டால் அங்கே வேறு வழி கிடையாது. டபுள் ஏ பேட்டரி அப்படி இல்லை. அப்பாவின் தலைவிளக்குக்கு அதே பேட்டரிதான், தூண்டில் பெட்டியில் எப்போதும் ஒரு செட் கூடுதலாக இருக்கும், அதுவும் போனால் வழியில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

முதலில் ஒரு கணக்கு

யூஎஸ்பி என்பது 5 வோல்ட். நம்மிடம் இருக்கும் பேட்டரியிலிருந்து ஆடாமல் அசையாமல் 5 வோல்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு எல்லோரும் முதலில் போகும் வழி, சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 7805 என்ற ரெகுலேட்டர், அதாவது வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் பாகம், ஒன்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தப் பெட்டி அரை மணி நேரம்கூட உருப்படியாக வேலை செய்யவில்லை. ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் இந்த விஷயமே எனக்குப் பிடிபட்டது, அதனால் அந்தக் கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரிக்குள் ஆறு குட்டி செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மெதுவாக இழுத்தால் மொத்தம் 500 மில்லி ஆம்பியர் மணி கொடுக்கும். புகை எச்சரிக்கைக் கருவி போல மிகக் கொஞ்சமாக இழுக்கும் சாதனங்களுக்கு அது சரி. ஐபாட் ஒரே நேரத்தில் 500 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், அந்த வேகத்தில் இழுத்தால் பேட்டரியின் உள்தடையிலேயே ஒரு வோல்ட் போல விழுந்துவிடும், கொள்ளளவும் பாதியாகிவிடும். அதற்கு மேல் 7805 வேலை செய்ய, வெளியே வரும் 5 வோல்ட்டைவிடச் சுமார் 2 வோல்ட் அதிகமாக உள்ளே வர வேண்டும். பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கியதுமே ஆட்டம் முடிந்துவிடும், உள்ளே மிச்சம் இருப்பது வீண்.

அடுத்தது சூடு. 7805 போன்ற லீனியர் ரெகுலேட்டர் தேவையில்லாத வோல்ட்டைச் சூடாக மாற்றித்தான் கழிக்கிறது. உள்ளே எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவே வெளியே வரும், வோல்ட் மட்டும் குறையும். 9 வோல்ட்டிலிருந்து 5-க்கு இறக்கினால் 4 வோல்ட் மிச்சம், அதை 0.5 ஆம்பியரால் பெருக்கினால் 2 வாட். விரல் நுனி அளவு இருக்கும் ஒரு பொருளுக்கு 2 வாட் என்பது தொட முடியாத சூடு. நாம் கொடுக்கும் சக்தியில் நூற்றுக்கு 44 பங்கு பாட்டுக்குப் போகாமல் காற்றைச் சூடாக்கப் போகிறது.

ஆக, பேட்டரியின் வோல்ட் 5-க்கு மேலே இருக்க வேண்டும், ஆனால் ரொம்ப மேலே இருக்கக் கூடாது. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் டபுள் ஏ ஒன்று 1.2 வோல்ட். ஆறு செல்லைத் தொடராகக் கோத்தால் 7.2. இது 7805-க்கு எல்லைக்கோட்டிலேயே நிற்கும், செல் கொஞ்சம் இறங்கினாலும் 5 வோல்ட் கிடைக்காது. இந்த இடத்தில்தான் எல்எம்2940 என்ற ரெகுலேட்டர் கைகொடுக்கிறது. அதுவும் 5 வோல்ட்தான் தருகிறது, அதே மூன்று கால்தான், அதே வரிசைதான், ஆனால் முழு ஒரு ஆம்பியர் இழுத்தாலும் அதற்கு அரை வோல்ட் கூடுதலாக இருந்தால் போதும். பேட்டரி 5.5 வோல்ட்டுக்கு வரும் வரை வேலை செய்யும். இன்னொரு நல்ல குணம், இது கார்களுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதால் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் தாங்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. இருட்டில் செல் மாற்றும் ஒருவருக்குக் கொடுக்கும் பெட்டி என்பதால் எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் பட்டது.

இப்போது கணக்கு: 7.2-இல் 5 போனால் 2.2, அதை 0.5-ஆல் பெருக்கினால் 1.1 வாட். சமாளிக்கக்கூடிய சூடு. 2000 மில்லி ஆம்பியர் மணி செல் என்றால், கிளாசிக் போன்ற பிளேயரை இரண்டு தடவை முழுதாகச் சார்ஜ் செய்யலாம், மூன்றாவதுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு ராத்திரிக்கு இது தாராளம்.

இரண்டே செல்லில் 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் சர்க்யூட்டும் இருக்கிறது. அடாஃப்ரூட் நிறுவனத்தைத் தொடங்கிய லிமோர் ஃப்ரீட் வடிவமைத்த மின்டிபூஸ்ட் அப்படிப்பட்டதுதான், மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும், சக்தியும் வீணாவது குறைவு. ஆனால் இரண்டு செல்லில் இருக்கும் சக்தி ஆறில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், சுருளையும் மற்ற பாகங்களையும் சரியான இடத்தில் வைக்காவிட்டால் காதில் இரைச்சல் வரும். முதல் தடவை கட்டுகிறவருக்கு லீனியர்தான் நல்லது. தப்பு செய்தாலும் எங்கே தப்பு என்று மீட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சாமான் வாங்கப் போவது

கோலாலம்பூரில் எலெக்ட்ரானிக் சாமான் என்றால் ஜாலான் பாசார்தான். புடு எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். கடைக்குள் போய் ‘ஐபாட் சார்ஜர் செய்ய சாமான் வேண்டும்’ என்று சொல்லாதீர்கள், ரெடிமேட் சார்ஜரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பாகத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். கடைக்காரர் பின்னால் இருக்கும் குட்டி டிராயர்களில் ஒன்றை இழுத்து எண்ணிப் போட்டுவிடுவார். சனிக்கிழமை காலையில் போனால் பொறுமையாகக் கேட்டு வாங்கலாம்.

வாங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். எல்எம்2940, 5 வோல்ட் ரகம், மேலே உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் உருவத்தில் ஒன்று, முடிந்தால் இரண்டு. ஆறு டபுள் ஏ வைக்கும் பேட்டரி ஹோல்டர் ஒன்று. 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 68 கிலோ ஓம் இரண்டு, 1 கிலோ ஓம் ஒன்று, பச்சை எல்இடி ஒன்று. 0.75 ஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்று. ஒரு சுவிட்ச். ஒரு துண்டு வெரோபோர்டு, அதாவது பின்பக்கம் செம்புக் கோடுகள் ஓடும் துளைப் பலகை. சோதனைக்காக 10 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று, இதை மறந்துவிடாதீர்கள். ஹீட் ஷ்ரிங்க் குழாய், அதாவது சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக மூடும் பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம். 2 மில்லிமீட்டர் கனத்தில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஓர் அலுமினியத் தகடு. கடைசியாக, மலிவான யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று.

இந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் எதற்கு என்றால், யூஎஸ்பி சாக்கெட்டைத் தனியாக வாங்கினால் அதன் கால்கள் வெரோபோர்டின் துளைகளில் ஒழுங்காக உட்காராது. எக்ஸ்டென்ஷனை வெட்டினால் பெண் முனை நமக்குச் சாக்கெட் ஆகிவிடும், ஆண் முனை சோதனைக்குப் பயன்படும். ஒரே ஒயரில் இரண்டு வேலை.

எல்எம்2940 அன்றைக்குக் கடையில் இல்லாவிட்டால் வெறும் கையோடு திரும்ப வேண்டாம், 7805 எந்தக் கடையிலும் இருக்கும். அதைப் போடுவதானால் சார்ஜ் செய்யக்கூடிய செல் எட்டு வைக்கும் ஹோல்டர் வாங்குங்கள், அப்போது 9.6 வோல்ட் வரும். சூடும் இரட்டிப்பாகும், தகடும் பெரிதாக வேண்டும். தலைகீழ் பாதுகாப்பும் அதில் இல்லை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5817 டையோடு ஒன்றைச் சிவப்பு ஒயரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய கருவி 30 அல்லது 40 வாட் சோல்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, ஒரு மல்டிமீட்டர். மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். ரொம்ப விலை உயர்ந்தது வேண்டாம், இரண்டு முனைக்கு நடுவில் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது ‘பீப்’ என்று சத்தம் கொடுத்தால் போதும்.

யூஎஸ்பி ஒயரை வெட்டுதல்

பெண் முனைப் பக்கம் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதற்கு மேல் நீளம் வேண்டாம், மலிவான ஒயருக்குள் இருக்கும் செம்பு முடி போல மெல்லிசாக இருக்கும், நீளம் கூடக்கூட வோல்ட் விழும். தோலை உரித்தால் நான்கு நிறம் தெரியும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் (அதாவது மைனஸ் பக்கம்), வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ். இது வழக்கமான நிறம். மலிவு ஒயர்களில் நிறம் மாறியிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் நம்பாதீர்கள். வெட்டிய ஆண் முனையை நான்கு நுனியும் ஒன்றோடொன்று படாமல் விரித்துவிட்டு ஏதாவது போன் அடாப்டரில் சொருகி, சிவப்பிலும் கறுப்பிலும் மீட்டரை வையுங்கள். பிளஸ் 5 காட்டினால் இரண்டு நிறம் உறுதி. பிறகு அடாப்டரிலிருந்து கழற்றி, ஆண் முனையைப் பெண் முனைக்குள் சொருகி, வெள்ளைக்கு வெள்ளை, பச்சைக்குப் பச்சை பீப் அடிக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டா ஒயரில் ஏன் ரெசிஸ்டர்

பலரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 5 வோல்ட் சரியாக வருகிறது, மீட்டர் காட்டுகிறது, ஆனால் ஐபாட்டை மாட்டினால் சார்ஜ் குறியே வருவதில்லை. காரணம், ஆப்பிள் சாதனங்களில் பல, எதிரே இருப்பது சார்ஜரா என்று இரண்டு டேட்டா ஒயர்களிலும் இருக்கும் வோல்ட்டைப் பார்த்து முடிவு செய்கின்றன. இரண்டிலும் சுமார் 2 வோல்ட் இருந்தால், சரி, 500 மில்லி ஆம்பியர் இழுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த 2 வோல்ட்டைக் கொடுக்கத்தான் நான்கு ரெசிஸ்டர். 5 வோல்ட்டிலிருந்து டேட்டா ஒயருக்கு 100 கிலோ ஓம், டேட்டா ஒயரிலிருந்து கிரவுண்டுக்கு 68 கிலோ ஓம். 5-ஐ 68-ஆல் பெருக்கி 168-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.02 வரும். இரண்டு டேட்டா ஒயருக்கும் தனித்தனியாக ஒரு ஜோடி.

ஆப்பிள் அல்லாத பிளேயர் என்றால் பெரும்பாலும் ரெசிஸ்டரே வேண்டாம். வெள்ளையையும் பச்சையையும் ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டால் போதும், யூஎஸ்பியின் சார்ஜிங் விதிப்படி அதுதான் ‘நான் வெறும் சார்ஜர்’ என்பதற்கான அடையாளம்.

100 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டை, 68 கிலோ ஓமுக்கு நீலம், சாம்பல், ஆரஞ்சு. ஜாலான் பாசார் கடை வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து பார்த்துவிடுங்கள்.

பலகையில் ஏற்றுதல்

வெரோபோர்டில் ஐந்து கோடு இருந்தால் போதும், ஒரு கோட்டைக்கூட வெட்ட வேண்டியதில்லை. பாகங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்து மேலிருந்து கீழாக இப்படிப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் கோடு பேட்டரி, இரண்டாவது கிரவுண்ட், மூன்றாவது 5 வோல்ட், நான்காவது டேட்டா மைனஸ், ஐந்தாவது டேட்டா பிளஸ். பேனாவால் பலகையின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். பலகையைத் திருப்பியதும் வரிசையும் திரும்பிவிடும், அங்கேதான் தப்பு நடக்கும்.

ரெகுலேட்டரை எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடது கால் உள்ளே வருவது, நடுக் கால் கிரவுண்ட், வலது கால் 5 வோல்ட். அந்த மூன்று காலும் முதல் மூன்று கோட்டில் வரிசையாக இறங்க வேண்டும். பலகையின் ஓரமாக, உலோக நாக்கு வெளியே பார்க்கும்படி வையுங்கள், தகட்டில் திருக வசதியாக இருக்கும்.

0.47 கெபாசிட்டர் முதல் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மூன்றாவது கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பக்கத்துக் கால் கிரவுண்டில். இரண்டையும் ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே, ஒன்றிரண்டு துளை தள்ளி வைத்துவிடுங்கள். எல்எம்2940 வெளிப்பக்கம் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் கேட்கும், அது இல்லாவிட்டால் நிலையாக நிற்காமல் அலைபாய ஆரம்பித்துவிடும். சின்னதாக இருக்கிறதே என்று செராமிக் கெபாசிட்டரைப் போடாதீர்கள், இந்த ரெகுலேட்டருக்குக் கெபாசிட்டருக்குள் கொஞ்சம் தடை இருந்தால்தான் ஒத்துவரும், சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்கில் அது இயல்பாகவே இருக்கிறது. நான் இரண்டாவதாகக் கட்டிய பெட்டியில் செராமிக்கைப் போட்டுவிட்டு, பாட்டுக்குப் பின்னால் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் தேடினேன்.

பிறகு நான்கு ரெசிஸ்டர்: மூன்றாவது கோட்டிலிருந்து நான்காவதுக்கு ஒரு 100, மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்கு ஒரு 100, நான்காவதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 68, ஐந்தாவதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 68. ரெசிஸ்டர்களின் காலை நிறுத்திவைத்து வளைத்தால் இடம் போதும். எல்இடியின் நீளக் காலில் 1 கிலோ ஓமைச் சேர்த்து 5 வோல்ட்டுக்கு, குட்டைக் கால் கிரவுண்டுக்கு. எல்இடி எதற்கு என்றால், சுவிட்சைப் போட்டது மறந்துபோனால் ரெகுலேட்டர் சும்மா இருந்தே 10 மில்லி ஆம்பியர் போலக் குடித்துக்கொண்டிருக்கும், ஒரு வாரத்தில் செல் காலியாகிவிடும்.

ஈயம் வைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அயர்னின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, அந்த நுனி செம்புக் கோட்டையும் காலையும் ஒரே நேரத்தில் தொடும்படி வையுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக் கம்பியைக் காலில் தொடுங்கள், அயர்னில் தொடாதீர்கள். ஈயம் தண்ணீர் போல ஓடிக் காலைச் சுற்றி ஒரு சின்னக் கோபுரமாக ஏறும், பளபளவென்று இருக்கும். முதலில் கம்பியை எடுங்கள், அப்புறம் அயர்னை. ஈயம் மங்கலாக உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சூடாக்குங்கள். அப்பா பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர், அந்த ஆட்டத்தில் முதலில் விட்டுப்போவது இப்படிப்பட்ட உருண்டைதான்.

ஹோல்டரின் சிவப்பு ஒயர் பாலிஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு, அங்கிருந்து முதல் கோட்டுக்கு. கறுப்பு நேராக இரண்டாவது கோட்டுக்கு. பாலிஃபியூஸை விட்டுவிடாதீர்கள். நிக்கல் செல்லைச் சாதுவானது என்று நினைக்கிறோம், ஆனால் இரண்டு முனையும் நேரடியாகப் பட்டுவிட்டால் பத்து ஆம்பியருக்கு மேல் கொட்டும், ஒயரின் பிளாஸ்டிக் உருகிவிடும். பாலிஃபியூஸ் அளவு மீறினால் தானே சூடாகித் தடுத்துவிடும், ஆறியதும் மறுபடி வேலை செய்யும். யூஎஸ்பி ஒயரின் சிவப்பு மூன்றாவது கோட்டுக்கு, கறுப்பு இரண்டாவதுக்கு, வெள்ளை நான்காவதுக்கு, பச்சை ஐந்தாவதுக்கு.

சோதனை, ஐபாட் இல்லாமல்

இந்தக் கட்டத்தில் ஐபாட்டை வேறு அறையில் வைத்துவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கையெட்டும் தூரத்தில் இருந்தால் ‘ஒரு தடவை மாட்டித்தான் பார்ப்போமே’ என்று தோன்றும்.

செல் போடாமல், சுவிட்சைப் போட்டு, முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பீப் பாருங்கள். அடிக்கக் கூடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலும் அடிக்கக் கூடாது. அடித்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஈயம் வழிந்திருக்கும், பூதக் கண்ணாடியை வைத்துத் தேடுங்கள், ஒரு பிளேடால் நடுவே கீறிவிட்டால் சரியாகிவிடும்.

இப்போது செல்லைப் போடுங்கள். சாக்கெட்டில் ஆண் முனையைச் சொருகி, அதன் சிவப்பு கறுப்பில் மீட்டரை வையுங்கள். 4.85-க்கும் 5.15-க்கும் நடுவில் வர வேண்டும். பிறகு கறுப்புக்கும் வெள்ளைக்கும், கறுப்புக்கும் பச்சைக்கும் பாருங்கள், இரண்டிலும் 2-ஐ ஒட்டி வர வேண்டும். 5 வருகிறது என்றால் 68 ஒட்டவில்லை, பூஜ்யம் வருகிறது என்றால் 100 ஒட்டவில்லை.

இது சுமை இல்லாத அளவு, இதை மட்டும் நம்பக் கூடாது. ஆண் முனையின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் அந்த 10 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். 5 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 0.5 ஆம்பியர், ஐபாட் அதிகபட்சம் இழுப்பது போலவே இதுவும் இழுக்கும். ரெசிஸ்டரை ஒரு பழைய பீங்கான் தட்டில் வையுங்கள், நன்றாகச் சூடாகும். ரெகுலேட்டரை இதற்கு முன்பே தகட்டில் திருகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டு, பலகையில் மூன்றாவது கோட்டில் வோல்ட்டைப் பாருங்கள். 4.75-க்குக் கீழே போகக் கூடாது. தகட்டைத் தொட்டுப் பாருங்கள், விரலை வைத்து மெதுவாகப் பத்து எண்ண முடிந்தால் சூடு சரி. முடியாவிட்டால் தகடு போதவில்லை, அல்லது திருகு இறுகவில்லை. அப்போதுதான் சார்ஜ் ஏற்றி எடுத்த செல் ஒவ்வொன்றும் 1.4 வோல்ட் காட்டும், மொத்தம் 8.4, முதல் சில நிமிடம் 1.7 வாட் வரை போகும். அதனால் சோதனையை முழு சார்ஜ் உள்ள செல்லில்தான் செய்ய வேண்டும்.

அதன் பிறகு போனாலும் மனசு நோகாத ஏதாவது ஒன்றை மாட்டுங்கள், சின்ன யூஎஸ்பி விசிறி, விளக்கு என்று ஏதோ ஒன்று. அதுவும் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடினால், இப்போது போய் ஐபாட்டை எடுத்து வாருங்கள். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் திரையில் அந்த மின்னல் குறி வந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, ‘பாடிக்கிட்டே ஏறுமா?’ என்று கேட்டார். ஏறும். பாட்டு ஓடினாலும் சார்ஜ் ஏறும், என்ன, கொஞ்சம் மெதுவாக.

பெட்டி

கடல் காற்று வரும் இடத்துக்குத் தகர டப்பா வேண்டாம், இரண்டே மாதத்தில் துரு ஏறும். சாப்பாட்டுப் பெட்டி போன்ற கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்து, ஒரு பக்கச் சுவரில் சதுரமாக வெட்டி, அலுமினியத் தகட்டை அந்த இடத்தில் உள்ளிருந்து ஒட்டுங்கள். ரெகுலேட்டர் உள்ளே, தகட்டின் முதுகு வெளியே, சூடு வெளிக்காற்றில் போய்விடும். ரெகுலேட்டரின் உலோக நாக்கு கிரவுண்டோடுதான் இணைந்திருக்கிறது, அதனால் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தாள் எதுவும் வேண்டாம், கொஞ்சம் ஹீட் சிங்க் பசை தடவி எம்3 திருகால் இறுக்கினால் போதும். ஆனால் அப்போது தகடு முழுக்கப் பேட்டரியின் மைனஸ் ஆகிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள், சிவப்பு ஒயர் ஒட்டிய இடங்களில் எல்லாம் ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். யூஎஸ்பி ஒயர் வெளியே வரும் துளைக்கு உள்பக்கம் ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள், யாராவது இழுத்தாலும் ஈயம் வைத்த இடத்தில் இழுவை போகாது.

பயன்படுத்தும்போது

ஆறு செல்லும் ஒரே சமயத்தில் வாங்கியதாக, ஒரே சமயத்தில் சார்ஜ் ஏற்றியதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் மற்ற ஐந்தும் அதைத் தலைகீழாகத் தள்ளிக் கெடுத்துவிடும். ரெகுலேட்டர் 5.5 வோல்ட் வரை இழுக்கும் என்றாலும் நீங்கள் மொத்தம் 6 வோல்ட்டிலேயே நிறுத்திவிடுங்கள், அதாவது செல்லுக்கு 1 வோல்ட். ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைக்க முடியாது என்பதால் அப்பாவுக்கு நான் சொன்ன கணக்கு, ஒரு செட்டுக்கு இரண்டு சார்ஜ், அதோடு மாற்றிவிட வேண்டும்.

அவசரத்துக்குக் கடையில் வாங்கிய ஆல்கலைனும் போடலாம். புதுசு ஆறு சேர்ந்தால் 9.6 வோல்ட், தகடு நன்றாகவே சூடாகும், அதைத் துணிப் பைக்குள் மூடி வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் செல்லை, முக்கியமாகப் பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த 18650 போன்றவற்றை, இந்தப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்கும் பாதுகாப்பு இந்தச் சர்க்யூட்டில் இல்லை.

ஆற்றங்கரையிலிருந்து வந்ததும் செல்லைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் ஸ்பிரிங்குகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு ஈரம் படிந்தால் ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூக்கும், அந்த இடத்தில் தடை கூடி வோல்ட் விழும், ரெகுலேட்டரில் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பூத்துவிட்டால் கொஞ்சம் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமான ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி போடலாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மீனைக் கழுவும் நேரத்தில் அப்பா இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்.